ஏழு கிலோவுக்குக் கைதட்டியவன்

கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் மூன்று நாள் ஆலிவ் எண்ணெயில் ரசம் தாளிக்க வைத்தவன் நான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதெல்லாம் ஒரு மடையன் சொல்வது என்ற தெளிவோடு, உணவு ஆலோசனை படிக்க வந்திருக்கிற நீங்கள் கேட்கலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் எதற்கு. புற்றுநோய்ப் பிரிவில் உணவு ஆலோசகனாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நோயாளிகள் என்னைச் 'சாப்பாட்டு டாக்டர்' என்பார்கள். என் வீட்டில் அதில் முதல் பாதியை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். என் கையில் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்கள் எடை குறைய என்ன சாப்பிட வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல். அப்படியே தமிழில் எழுதி, நகலெடுத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். சமையலுக்கு ஆலிவ் எண்ணெய் என்பது அதில் மூன்றாவது வரி.

அடுத்த வாரம் ஒருவர் வந்து சட்டைப் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்தார். அப்போது நம்மூரில் ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில்தான் கிடைக்கும். பிள்ளைக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட வாங்குவார்கள்.

"சார், டப்பாவுல வெளிப்பூச்சுக்கு மட்டும்னு போட்டிருக்கு. நாங்க மூணு நாளா இதுலதான் தாளிக்கோம். நிறுத்தணுமா, தொடரணுமா?"

"ருசி எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றேன். மேதாவி கேட்ட கேள்வி அது.

"குளிப்பாட்டுன பச்சப்புள்ளய நக்குனாப்ல இருக்கு."

அவர் சிரிக்காமல் சொன்னார். நான் அன்று மாலை வரை ஒவ்வொருவரிடமும் போய் இதைச் சொல்லிச் சிரித்தேன். பிறகுதான் புரிந்தது. ரசம் அப்படி நாறியும், டப்பாவில் அப்படி எழுதியிருந்தும், என் காகிதத்தில் இருக்கிறது என்பதற்காக மூன்று நாள் தாளித்த மனிதர் அவர். நான் எழுதுவதை வரிக்கு வரி செய்யக்கூடியவர். சங்கரலிங்கம் அண்ணாச்சி. அப்பள வியாபாரம்.

நோயாளி அவர் மனைவி கோமதியம்மாள். நாற்பத்தாறு வயது. வலது மார்பை எடுத்து, மருந்து ஏற்றி, கதிர் சிகிச்சையும் முடிந்து ஒன்றரை வருஷம். நோய்க்கு முன்னால் ஐம்பத்தெட்டு கிலோ. என்னிடம் வரும்போது எழுபத்தொன்று. இது ஏன் என்று உங்களுக்குப் பாடத்தில் இருக்கும். மருந்து ஒரு பக்கம், மாதவிலக்கு திடீரென்று நின்றுபோவது ஒரு பக்கம், உட்கார்ந்தே இருப்பது ஒரு பக்கம். பாடத்தில் இல்லாதது, சொந்தபந்தம் கொண்டுவந்து ஊட்டுவது. நம் பக்கத்தில் புற்றுநோய் என்றால் ஆள் உருகிப்போவது. அதனால் சதை போட்டால் நோய் போய்விட்டது என்று தீர்ப்பு. "நல்லாத் தேறிட்டா" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் இன்னொரு கும்பா உளுந்தங்களியில் நல்லெண்ணெய் ஊற்றுவாள்.

கோமதியம்மாளுக்குக் கவலை எடை அல்ல, கை. மார்போடு அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்ததால் வலது கை வீங்கிக்கொண்டே போனது. எடை கூடினால் வீக்கமும் கூடும். அந்தக் கையால் அப்பளம் இட முடியவில்லை. பத்துப் பெண்கள் உட்கார்ந்து அப்பளம் இடும் வீடு. அதில் மெல்லிசாக இடுகிற கை அவருடையது.

"கை பழையபடி ஆகணும் சார்" என்றார் முதல் நாளே. "எல்லாவளும் வேலை செய்ய, நான் மட்டும் மொதலாளி பொண்டாட்டியா உக்காந்து சோறு திங்க எனக்குக் கேவலமா இருக்கு."

"எட்டு கிலோ குறைச்சா கை லேசாகும்னு பெரிய டாக்டர் சொல்லுதாரு. குறைச்சிருவோம்" என்றேன். எத்தனை சுலபமாகச் சொன்னேன் பாருங்கள்.

புதன்கிழமைகளில் 'எடை நாள்' என்று ஒன்று ஆரம்பித்திருந்தேன். சிகிச்சை முடிந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை வருவார்கள். ஒரு கரும்பலகை. யார் அதிகம் குறைத்தாரோ அவர் பெயரை அதில் பெரிதாக எழுதி எல்லாரையும் கைதட்டச் சொல்வேன். எண்பத்தாறு கிலோ எடையுள்ள ஒருவன் எடை குறைப்பதைப் பற்றி வகுப்பெடுப்பதைப் பார்ப்பதற்காகவே சிலர் வந்தார்கள் என்று நினைக்கிறேன். "மொதல்ல நீங்க ஏறுங்க சார்" என்பார்கள். "மிஷின் ஆஸ்பத்திரி சொத்து, உடைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாக" என்று தப்பிப்பேன்.

முதல் நான்கு மாதம் கோமதியம்மாளிடம் ஒன்றும் நகரவில்லை. ஒரு மாதம் அரை கிலோ கூடவே செய்தது.

"காலையில என்ன சாப்பிட்டிய?"

"ரெண்டு இட்லி சார்."

பக்கத்தில் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். "ரெண்டு இட்லி. அப்புறம் ஒரு கும்பா களி. கருப்பட்டி போட்டது."

"இந்த மனுசனைக் கூட்டிக்கிட்டு வந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்றார் கோமதியம்மாள்.

நம் தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற விஷயம் இதுதான்: சாப்பிட்டதை நோயாளி குறைத்துத்தான் சொல்வார். நான் அதை அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டேன். பொய்க்குக் காதைத் தீட்டித் தீட்டி, உண்மை சொன்னால் கேட்காத அளவுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பட்டியலைத் திருத்தி எழுதினேன். ஆலிவ் எண்ணெய் போயிற்று. சோறு அளவு, அப்பளம் பொரிக்காமல் சுட்டது, களி மாதத்துக்கு ஒன்று. விடிகாலையில் வாய்க்கால் கரையோடு படித்துறை வரை போய்த் திரும்ப வேண்டும், நாற்பது நிமிஷம். அந்த வரிக்கு அடியில் இன்னொன்றும் எழுதிக் கோடு போட்டேன்: 'வலிக்கிறது, அலுப்பாக இருக்கிறது என்று சொன்னாலும் விட வேண்டாம்.' எழுதிவிட்டு அண்ணாச்சி பக்கம் காகிதத்தை நகர்த்தினேன். சரியான ஆளிடம் ஒப்படைத்தோம் என்று ஒரு பெருமை வேறு.

ஐந்தாம் மாதம் முள் அறுபத்தெட்டரையில் நின்றது. இரண்டரை கிலோ. நான் கரும்பலகையில் பெயரை எழுதிக் கைதட்டச் சொன்னேன். தட்டினார்கள்.

"நான் ஒண்ணும் செய்யலியே சார்" என்றார் கோமதியம்மாள். "பசியே இல்ல. பாதி இட்லிக்கு மேல எறங்க மாட்டேங்கு."

"எனக்கு அந்த வரம் எப்பக் கிடைக்கும்னு நான் ஏங்கிக்கிட்டு இருக்கேன். நீங்க அதைக் குறையாச் சொல்லுதியளே."

பெண்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, "நடந்தா இடுப்பு கடுக்கு" என்றார்.

"பதிமூணு கிலோவைக் கூடச் சுமந்த இடுப்பு, கடுக்கத்தான் செய்யும். நடக்க நடக்கச் சரியாப் போகும்."

"மெலிஞ்சதுக்கா சார் கைதட்டுதிய? எங்க தெருவுல என்னையப் பாத்தா, சாவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்தவுக மாதிரி மூஞ்சிய வச்சுக்கிடுதாவ."

"உங்க தெருவ அப்படியே அடுத்த புதன்கிழமை கூட்டிட்டு வாங்க. எல்லாருக்கும் ஒரு பட்டியல் தாரேன்."

நல்ல பதில் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு அவருடைய ஆஸ்பத்திரி அட்டையில் எழுதினேன்: 'எடை 68.5. உணவு முறையை நன்றாகப் பின்பற்றுகிறார். நடையைத் தொடரவும்.' அவர் அன்று சொன்னது மூன்று விஷயம். ஒன்றும் செய்யாமலே குறைந்தது. பசி இல்லை. இடுப்பு வலி. அட்டையில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

ஆறாம் மாதம் அறுபத்தாறு. திரும்பவும் பெயர், திரும்பவும் கைதட்டல். அந்த மாதம் பெரிய டாக்டரிடமும் அவருக்கு முறை இருந்தது. டாக்டர் அட்டையை வாங்கி, நான் எழுதியிருந்ததைப் படித்து, "நல்லாக் குறைச்சிருக்கீங்களே, இப்படியே இருங்க" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது ஒரு டாக்டர் நம் கையெழுத்தை நம்பித்தான் ஆக வேண்டும். நம் அட்டையை நாம் சின்ன விஷயமாக நினைக்கிறோம். அது அப்படியில்லை.

ஏழாம் மாதம் அறுபத்துநாலு.

அந்தப் பிரிவின் தலைமைச் சிஸ்டர் கடற்கரை ஊர்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். என் வேடிக்கைக்கு அந்த ஆஸ்பத்திரியில் மசியாத ஒரே ஆள். வீங்கின கைகளை டேப் வைத்து அளப்பது அவர் வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நான் சாக்பீஸும் கையுமாகக் கரும்பலகை முன்னால் நிற்கிறேன். உள்ளே வந்தார்.

"கோமதி எத்தன கிலோ குறைஞ்சிருக்கு?"

"ஏழு, சிஸ்டர். நம்ம சாதனை."

"கை ரெண்டு சென்டிமீட்டர் கூடியிருக்கு."

"அப்பளம் இட ஆரம்பிச்சிருப்பாங்க. சொன்னாக் கேக்க மாட்டாங்க."

"இடலை. கேட்டுட்டேன்." அவர் என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி மேஜைமேல் வைத்தார். "எடை குறைஞ்சா கையும் குறையணும்லா. எப்படிக் குறைஞ்சுதுன்னு நீரு கேட்டீரா?"

ஒரு வேடிக்கை சொல்ல வாய் திறந்தேன்.

"அவங்களே சொன்னாங்க" என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"பசியில்லன்னு. நடந்தா இடுப்பு கடுக்குன்னு."

"எப்ப?"

"ரெண்டு மாசம் முன்னாடி."

"எங்க எழுதியிருக்கு?"

அட்டையை என் முன்னால் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

இப்போது சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை. அந்த அறையில் நானும் அட்டையும் மட்டும். ஐந்து நிமிஷம் இருக்கலாம். ஐந்தாம் மாதத்து வரிக்கும் ஆறாம் மாதத்து வரிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதே பேனா என் பையில். அதே நீல மை. 'பசி குறைவு, இடுப்பு வலி என்கிறார்' என்று எழுத அரை நிமிஷம் போதும். பொய்கூட இல்லையே, அவர் சொன்னதுதானே என்று மனசு வாதாடியது. எழுதியிருந்தால் நான் தப்பியிருப்பேன். அட்டையைப் படித்துவிட்டுக் கவனிக்காமல் விட்டவராகப் பெரிய டாக்டர் மாட்டியிருப்பார். இதையும் யோசித்தேன். ஆலிவ் எண்ணெய் எழுதியபோது நான் முட்டாள். அந்த ஐந்து நிமிஷம் நான் முட்டாளாக இல்லை. மூளை அத்தனை தெளிவாக எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வேலை செய்ததில்லை. பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன்.

வாசலில் சிஸ்டர் நின்றார்.

"பேனாவை மூடும்."

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கும் சரி, பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் சரி, அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெரிய டாக்டர் வந்து அட்டையைப் பார்த்தார். "இதை எழுதும்போது வேற ஏதாவது சொன்னாங்களா?" என்றார். சொன்னேன். மூன்றையும் சொன்னேன், நான் அதற்குச் சொன்ன பதில்களையும் சேர்த்து. என் பதில்களை அந்த அறையில் வேடிக்கை இல்லாத குரலில் திரும்பச் சொல்லிக் கேட்டபோது காது எரிந்தது. வெளியே பெஞ்சில் பெண்கள் கைதட்டக் கூப்பிடுவேன் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் படம் எடுத்தார்கள். இடுப்பெலும்பில், முதுகெலும்பில், ஈரலில். நோய் எப்போதோ திரும்பி வந்திருந்தது.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் முன்னாலேயே தெரிஞ்சிருந்தாலும் நோயோட போக்கு பெரிசா மாறியிருக்காது. மனசுல போட்டுக்காதீங்க" என்றார். நல்ல மனுஷன். அந்த வாக்கியத்தை நான் தாயத்து மாதிரி கட்டிக்கொண்டேன்.

இதற்குள் கோமதியம்மாளை வார்டில் சேர்த்திருந்தார்கள். விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது என்று டாக்டரும் அண்ணாச்சியும் இன்னும் முடிவு செய்யவில்லை. எனக்கு வந்த உத்தரவு, எப்படியாவது நாலு வாய் சாப்பிட வைப்பது. நேற்று வரை குறை குறை என்றவன் இன்று கூட்டக் கிளம்பினேன். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"வாங்க சார். களி திங்கக் கூடாதுன்னு சொல்ல வந்தியளா?"

"திங்கலாம்மா. தாராளமா."

"கருப்பட்டி?"

"போட்டுக்கிடுங்க."

"பொரிச்ச அப்பளம்?"

"என்ன வேணுமோ சாப்பிடுங்க. எவ்வளவு வேணும்னாலும்."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. வீங்கின கையைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப முடிஞ்சுபோச்சு. இல்லையா சார்?"

டாக்டர் சொல்லவில்லை, புருஷன் சொல்லவில்லை. ஒரு சாப்பாட்டுப் பட்டியலை வைத்து நான் சொல்லிவிட்டேன். இதையும் நினைவில் வையுங்கள். ஏழு மாதம் ஒவ்வொன்றாகத் தடுத்த வாய் ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் சரி என்றால், கேட்கிறவருக்கு அது தீர்ப்பு. அனுமதி கொடுப்பதாக இருந்தால் பைய, ஒன்று ஒன்றாகக் கொடுங்கள். அதற்கு முன்னால் அவருக்கு என்ன தெரியும் என்று வார்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.

நாத்தனாரிடமிருந்து களி வந்தது. ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "நல்லாத்தான் கிண்டியிருக்கா" என்றார். அதற்குமேல் இறங்கவில்லை. கஞ்சி, பால், கடைந்த பருப்பு, எல்லாவற்றையும் கரண்டிக் கணக்கில் கொடுத்துப் பார்த்தேன். சில நாள் என்னைத் திருப்திப்படுத்துவதற்காக இரண்டு கரண்டி விழுங்கினார் என்று நினைக்கிறேன். ஒரு கட்டத்தில் சிஸ்டர் எடை பார்ப்பதை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். கரும்பலகையை நானே கழற்றிப் படிக்கட்டுக்கு அடியில் போட்டேன்.

பிறகு என் அட்டைகளில் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்தேன். தலைப்பு: 'அவர் சொன்னது.' நம் மொழியில் அல்ல, அவர்கள் வாயில் வந்த வார்த்தையில். எடை குறைந்த பெண்ணைப் பார்த்தால் முதலில் கேட்பது, 'முயற்சி செய்து குறைந்ததா, தானாகக் குறைந்ததா?' தானாக என்றால், அவர் எத்தனை சந்தோஷமாகச் சொன்னாலும் அன்றே டாக்டரிடம் அனுப்புவது. சிகிச்சை முடிந்த பெண்ணுக்கு எடை குறைவது நல்லதுதான். எத்தனையோ பேர் அப்படிக் குறைத்து நன்றாக இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் முள் கீழே இறங்குவதற்கு இரண்டு காரணம் உண்டு. முள்ளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

கோமதியம்மாள் ஐப்பசியில் போனார். பதினாறாம் நாள் கழிந்து, தச்சநல்லூரில் என் வீட்டிலிருந்து புறப்பட்டு இரண்டு பஸ் மாறி கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். வீட்டில் அப்பள வேலை இன்னும் தொடங்கவில்லை. அண்ணாச்சி நாற்காலி எடுத்துப் போட்டார். காப்பி குடித்தீர்களா என்றார். குடித்தேன் என்று பொய் சொன்னேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். உங்கள் மனைவி பசியில்லை என்று என்னிடம் சொன்னார், வலி என்று சொன்னார், நான் கேலி பண்ணிவிட்டேன், எழுதவில்லை, டாக்டருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு எழுந்து வந்திருக்க வேண்டும். எழவில்லை. போனதே பாதி பாவமன்னிப்புக்குத்தானே. அவர் வாயால் 'விடுங்க சார்' என்ற ஒரு வார்த்தை வேண்டியிருந்தது.

"ரெண்டு மாசம் முன்னாலேயே தெரிஞ்சிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"அவள நடக்க வச்சிருக்க மாட்டேன்லா."